பின் பால்கனியில் மூன்று நாள்

கட்டின புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்லத்தான் போகிறேன். பஞ்சு. முழுப் பெயர் பஞ்சாபகேசன். கோட்டைப் பக்கத்தில் ஒரு இன்ஷ்யூரன்ஸ் ஆபீஸில் ஹெட்கிளார்க். நல்ல மனுஷன். பெண்டாட்டியை அடித்தது கிடையாது, அதட்டினதுகூடக் கிடையாது. அப்பேர்ப்பட்ட மனுஷன் நெய்யை ஊற்றியே என்னைப் பாதி கொன்றிருக்கிறார் என்று ஒரு சனிக்கிழமை காலையில் எனக்குத் தெரிந்தது.

நாங்கள் மாதுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்துச் சந்தில், மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். துறைமுகத்தில் கப்பல் வெடித்துப் பம்பாயே குலுங்கியதே, அந்த வருஷம் எனக்கு வயிற்றில் கட்டி என்று ஆபரேஷன் நடந்தது. அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. குழந்தை இல்லை. கட்டியை எடுத்தாயிற்று, உடம்பில் ரத்தம் குறைவு, ரத்தம் ஊறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதாகப் பஞ்சு வந்து சொன்னார். அன்றிலிருந்து பிள்ளை பெற்றவளுக்கு நடக்கிற உபசாரமெல்லாம் பிள்ளை பெறாத எனக்கு நடந்தது. காலையில் லேகியம், மத்தியானம் சாதம் மிதக்க நெய், ராத்திரி பாதாம் அரைத்துப் போட்ட பால். ரேஷன் காலத்தில் அந்த நெய்யை எங்கிருந்து கொண்டுவந்தாரோ, அவருக்கே வெளிச்சம். "ஆபரேஷன் ஆன உடம்பு" என்று சொல்லி மாடியை விட்டு இறங்கவும் விடமாட்டார். பாஜிவாலா கொண்டுவரும் காய்கறியைக் கூட அவரே கீழே போய் வாங்கிவந்தார்.

இதில் நான் ஒன்றை மறைத்து வைத்திருந்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு மாதவிலக்கு வரவேயில்லை. ரத்தம் ஊறட்டும், வரும் என்று காத்திருந்தேன். பஞ்சுவிடம் சொல்லத் தைரியமில்லை. கல்பாத்தியில் என் மாமியார் பிள்ளைக்கு இன்னொரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறாள் என்று ஏற்கெனவே காதில் விழுந்திருந்தது. என் உடம்பு அடியோடு நின்றுபோன விஷயம் தெரிந்தால் அடுத்த ரயிலில் அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்குவாள்.

அதனால் நாடகம் போட்டேன். மாசாமாசம் "நான் தூரம்" என்று சொல்லிவிட்டுப் பின் பால்கனியில் பாயைப் போட்டு மூன்று நாள் உட்கார்ந்துவிடுவேன். தனித் தட்டு, தனி டம்ளர். பஞ்சு சமைத்து, எட்ட நின்று குனிந்து பரிமாறுவார். நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வருவேன். தூரமானவள் தொட்டால் புருஷன் குளிக்க வேண்டும். மடியாகச் செய்த சமையலில் அவள் நிழல் பட்டால்கூடக் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் சட்டம். இதில் ஒருத்தி பொய் சொல்வாள் என்று யாருக்குத் தோன்றும்? நான் கெட்டிக்காரி என்று எனக்கு உள்ளூர ஒரு கர்வம்கூட இருந்தது.

ரெண்டு வருஷத்தில் கர்வத்தோடு உடம்பும் பெருத்தது. நெஞ்சிலிருந்து குப்பென்று ஒரு சூடு கிளம்பி முகத்துக்கு ஏறும், ரவிக்கை நனைந்துபோகும். காலையில் எழுந்தால் பிடரி வலிக்கும். ரெண்டு குடம் தண்ணீர் பிடிப்பதற்குள் மூச்சு வாங்கும். சொன்னால் பஞ்சு பயந்துபோய் இன்னும் ஒரு கரண்டி நெய் விடுவார்.

அந்தச் சனிக்கிழமை இரண்டாவது மாடி விஜயலக்ஷ்மி மாமியின் மாமனாருக்குத் திவசம். ஒத்தாசைக்கு நான் போவதாக இருந்தது. பஞ்சு லோக்கல் ரயில் பிடிக்கக் கிளம்பிப் போன பிறகு தலைக்கு ஊற்றிக்கொள்ள வாளி முன்னால் குனிந்தேன். வாளித் தண்ணீர் சிவப்பானது. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. சந்தோஷப்பட்டேன். ஆக ரத்தம் ஊறிவிட்டது, இடம் போதாமல் வழிகிறது என்று நினைத்தேன்.

அரைமணி ஆகியும் நிற்கவில்லை. அப்புறம்தான் பயம் பிடித்தது. துண்டை மூக்கில் அமுக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து மூன்று மாடியும் இறங்கினேன். கீழ்த்தளத்தில் புதிதாக ஒரு டாக்டர் வந்திருந்தார். சந்திரமௌலி என்று பெயர். யுத்தத்தில் பர்மா எல்லை வரை போய்வந்தவர். நம் மனுஷாள்தான், ஆனால் பேச்சில் பட்டாளம் கலந்திருக்கும்.

மூக்கில் பஞ்சை அடைத்துத் தலையை நிமிர்த்தி உட்காரச் சொன்னார். கையில் துணிப்பட்டையைச் சுற்றி ரப்பர் குண்டைப் பிசைந்தார். கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறியது, இறங்கியது. மறுபடி ஏற்றினார். பட்டையை அவிழ்த்து மற்றக் கையில் சுற்றி இன்னொரு தரம் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி யாராவது உங்களுக்குப் பிரஷர் பார்த்திருக்காளா?"

"இல்லையே."

"இரநூறுக்கு மேல இருக்கு. உங்க வயசுல இதுல பாதியும் கொஞ்சமும்தான் இருக்கணும். மூக்கு வழியா வந்தது உங்க அதிர்ஷ்டம். இதே ரத்தம் தலைக்குள்ள வெடிச்சிருந்தா ஒரு கை ஒரு கால் விழுந்திருக்கும். ஆளே போயிருக்கலாம்."

ஏதோ பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்கிறார் என்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆபரேஷன் எப்போது என்று கேட்டார். சொன்னேன். தூரம் எப்போது நின்றது என்று கேட்டார். ஆண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டரிடம் வெட்கப்பட்டுப் பிரயோஜனமில்லை என்று அதட்டினார்.

"ஆபரேஷன்லேர்ந்தே இல்லை" என்றேன். அதை நான் வாய் விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"குப்புனு சூடு ஏறி வேர்க்கறதா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்தார். "பொம்மனாட்டிக்கு வயித்துல ரெண்டு பக்கமும் ஓவரின்னு ஒண்ணு உண்டு. கரு உண்டாகிற முட்டை அதுலதான் இருக்கு. மாசாமாசம் வரதும் அதாலதான். அதுலேர்ந்து ஒரு சத்து ஊறி ரத்தத்துல கலக்கறது. அது இருக்கற வரைக்கும் ரத்தக்குழாய் இளக்கமா இருக்கும்னு இப்போ சில டாக்டர்கள் சொல்றா. முழுக்க நிச்சயமாகலை. ஆனா நான் பார்த்த வரைக்கும் சரியாத்தான் இருக்கு."

"எனக்கும் இருக்குமே ஓவரி" என்றேன், சற்று ரோஷமாகவே.

"இல்லை."

ஒரு வார்த்தைதான் சொன்னார். வெளியே சர்க்கிள் பக்கம் டிராம் மணி அடித்துக்கொண்டு போனது.

"கட்டியோட ரெண்டையும் எடுத்திருக்கா. இல்லேன்னா முப்பத்தஞ்சு வயசுல ஒரே நாள்ல இப்படி நிக்காது. மத்தவாளுக்கு அம்பது வயசுல மெள்ள மெள்ள வரது உங்களுக்கு ஒரே ராத்திரியில வந்துடுத்து. உங்காத்துல சொல்லலையா? புருஷன் கையெழுத்துப் போடாம எடுக்க மாட்டாளே."

அப்புறம் அவர் சொன்னதெல்லாம் எங்கேயோ தூரத்திலிருந்து கேட்டது. என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். வடுமாங்காய், அப்பளம், ஊறுகாய் எல்லாம் விஷம் என்றார். சமையலில் உப்பைக் கண்ணில் காட்டக் கூடாது. நெய்யும் லேகியமும் இன்றோடு நிற்க வேண்டும். கீரையும் காயும் மோரும் வேண்டிய மட்டும் சாப்பிடலாம்.

"படுத்தே இருந்தா குழாய் இன்னும் கெட்டிப்படும். நடக்கணும். மெள்ள, தினம். முதல்ல தெருக்கோடி வரைக்கும். மூச்சு வாங்கினா நின்னுடணும். உடம்பு பழகினப்புறம் ஃபைவ் கார்டன்ஸ் பார்க் வரைக்கும் போகலாம்."

"நடந்தா எல்லாம் திரும்பி வந்துடுமா டாக்டர்?" அசட்டுத்தனமான கேள்விதான். கேட்டுவிட்டேன்.

"போன ஓவரியைக் கொண்டுவர யாராலயும் முடியாது மாமி. உசிரைக் காப்பாத்திக்கலாம். அதுக்கு நீங்கதான் நடக்கணும். உங்களுக்காக நான் நடக்க முடியாது."

எப்படி மாடிப்படி ஏறினேன் என்றே எனக்கு ஞாபகமில்லை. இரண்டாவது மாடியில் விஜயலக்ஷ்மி மாமி வாசல் திறந்திருந்தது. உள்ளே மாமி மடிப்புடவையில் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். அடுப்புக்கு முன்னால் நிற்கும் நிலையில் நான் இல்லை. வாயில் சட்டென்று வந்தது பழகின பொய்தான். "மாமி, நான் தூரமாயிட்டேன். வர முடியாது" என்று வாசலுக்கு இந்தப் புறமே நின்று சொன்னேன். "சரி, நீ போய்ப் படுத்துக்கோ" என்றாள் மாமி, அரைப்பதை நிறுத்தாமல்.

பின் பால்கனியில் பாயைப் போட்டு உட்கார்ந்தேன். டாக்டர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று நினைத்துப் பார்த்தேன். பஞ்சுவாவது, என்னிடம் மறைக்கவாவது! சட்டைப் பித்தான் அறுந்தால்கூட ஆபீஸிலிருந்து வந்து சொல்கிற மனுஷன். நேரே கேட்டால் என்ன சொல்வார் என்றும் தெரியும். "அந்தப் பட்டாளத்து டாக்டருக்கு என்ன தெரியும்" என்று சிரித்து மழுப்பிவிடுவார், நானும் நம்பிவிடுவேன். நம்பத்தான் எனக்கு ஆசையாக இருந்தது. பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டே யோசித்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. அவருக்கு உண்மை தெரியாது என்றால், நான் தூரம் என்பதை அவர் நம்ப வேண்டும். நம்புகிறவர் ஒரு மாதிரி நடப்பார். தெரிந்தவர் வேறு மாதிரி நடப்பார்.

சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ். பஞ்சு வந்து கதவைத் திறந்ததும், "நான் தூரம்" என்று குரல் கொடுத்தேன்.

"அடடா, சரி சரி, நீ உக்காந்திரு. நான் பார்த்துக்கறேன்" என்றார். கால் அலம்பும் சத்தம் கேட்டது. அடுப்பு மூட்டினார். பருப்பு வெந்த வாசனை வந்தது, அப்பளம் பொரிகிற வாசனை வந்தது. ஏதோ கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டே கரண்டியைத் தட்டினார். இத்தனை பிரியமாகச் சமைக்கிற புருஷன் மாதுங்காவில் வேறு எந்த வீட்டில் இருக்கிறார் என்று மனசு அப்போதும் வக்காலத்து வாங்கியது.

தட்டை வைத்துவிட்டு எட்ட நின்றார். சாதம் போட்டார், பருப்புப் போட்டார். அப்புறம் நெய்க்கிண்ணத்தோடு வந்து, குனிந்து, உயரத்திலிருந்து கரண்டியைச் சாய்த்தார். நான் எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

பஞ்சு துள்ளிப் பின்னால் போகவில்லை. "தொட்டுட்டியே, குளிக்கணுமே" என்று கத்தவில்லை. "என்ன அகிலா, தலை சுத்தறதா?" என்று கேட்டுக்கொண்டே மற்றக் கையால் என் தோளைத் தாங்கிப் பிடித்தார்.

நான் பிடியை விடவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் மணிக்கட்டைப் பார்த்தார். என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கரண்டி கீழே விழுந்து நெய் என் பாயில் வழிந்தது.

"கீழாத்து டாக்டர்கிட்ட போனேன்" என்றேன்.

பஞ்சு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் எதிர்பார்த்தது ஒரு சண்டை. மறுப்பார், நான் கத்துவேன், பாத்திரம் பறக்கும் என்று நினைத்திருந்தேன். அவர் மறுக்கவே இல்லை. அந்த நிமிஷம் வரைக்கும் என்னுள் எங்கேயோ ஒரு மூலையில் ஒரு குழந்தை பிறக்கக் காத்துக்கொண்டிருந்தது. அது போய்விட்டது.

"விட்டா நீ செத்துப் போயிடுவேன்னு டாக்டர் சொன்னார் அகிலா. ரெண்டு பக்கமும் கட்டி பரவியிருந்ததாம். யோசிக்க நேரம் குடுக்கலை. கையெழுத்துப் போட்டேன்."

"அது தப்புன்னு நான் சொல்லலை. உசிரைக் காப்பாத்தினேள். அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லலை?"

"கண் முழிச்சதும் நீ கேட்ட முதல் கேள்வி ஞாபகம் இருக்கா? 'இனிமே குழந்தை பிறக்குமா'ன்னு கேட்டே. அப்போ பொய் சொன்னேன். மறுநாள் சொல்லிக்கலாம்னு இருந்தேன். மறுநாள் நீ சிரிச்சே."

"நான் மாசாமாசம் இங்கே வந்து உக்காந்தேனே! பொய்ன்னு தெரிஞ்சுண்டேவா எட்ட நின்னு சாதம் போட்டேள்?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

நான் அவரை ஏமாற்றுவதாக நினைத்துக் கர்வப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை நாளும், உள்ளே அவர் எல்லாம் தெரிந்து குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் சாரல் அடிக்கும். கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காராதேன்னு எப்படிச் சொல்றது? சொன்னா எனக்குத் தெரியும்னு ஆயிடுமே. பாவம், ஏதோ உனக்கு ஒரு நிம்மதின்னு விட்டுட்டேன். என்னால முடிஞ்சது நல்லதா நாலு கவளம் போடறதுதான். அதைத்தான் செஞ்சேன்."

"அந்த நாலு கவளம்தான் என் ரத்தக்குழாயைக் கெட்டியாக்கிடுத்து! இன்னிக்குக் கார்த்தால வாளி நிறைய ரத்தம் கொட்டித்து, தெரியுமா? ஒரு கை ஒரு கால் விழுந்திருக்கும்னார் டாக்டர். உண்மையைச் சொல்லியிருந்தா ஒரு டாக்டர்கிட்ட போயிருப்பேன். இந்த நெய்யையும் வடுமாங்காயையும் தொட்டிருக்க மாட்டேன். நாலு தெரு நடந்திருப்பேன். பாவம் பார்த்துப் பார்த்தே என்னைக் கொல்லப் பார்த்திருக்கேள்!"

பஞ்சு அழுதார். அழட்டும் என்று விட்டேன். எனக்கு அழுகை வரவில்லை.

"வேற யாருக்கு இது தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. உங்கம்மாவுக்குக்கூடச் சொல்லலை."

"விஜயலக்ஷ்மி மாமிக்கு?"

"சே! சத்தியமா ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலை."

அந்த ஒன்றாவது எனக்கு ஆறுதலாக இருந்தது. இந்த மானக்கேடு இந்த நாலு சுவருக்குள் இருக்கட்டும். ஊருக்கு நான் தூரமானவள்தான். இன்னும் ரெண்டு நாள் கழித்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டால் விஷயம் முடிந்தது. முகத்தை அலம்பிக்கொண்டேன். தட்டைத் தொடவில்லை.

"எங்கே கிளம்பறே?"

"நடக்க."

"நானும் வரேன் அகிலா. மூணு மாடி இறங்கணும், தனியா—"

"நீங்க வரக் கூடாது" என்றேன். வாசல் வரை வந்து நின்றுவிட்டார்.

மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில் படி திரும்புகிற இடம் எப்போதும் இருட்டாக இருக்கும். அங்கே எதிரே விஜயலக்ஷ்மி மாமி ஏறி வந்துகொண்டிருந்தாள். ஈரமுடிச்சு, மடிப்புடவை, கையில் வாழையிலைத் துண்டில் காக்காய்க்குச் சாதம். பிராமணர்கள் சாப்பிட்டாயிற்று போலிருக்கிறது. மாமாவுக்கு முழங்கால் வலி. மொட்டைமாடிக்கு மாமிதான் கொண்டுபோக வேண்டும். அந்தச் சாதத்தைக் காக்காய் எடுத்தால்தான் போனவர்களுக்குத் திருப்தி, வீட்டிலிருப்பவர்கள் அப்புறம்தான் இலை போட்டு உட்காருவார்கள். காலையிலிருந்து மாமி பச்சைத் தண்ணீர் குடித்திருக்க மாட்டாள்.

"மாமி, தள்ளிக்கோங்கோ. நான் தூரம்" என்று சொல்லிச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவ்வளவும் நடந்த பிறகும் அதைத்தான் சொன்னேன். ஒட்டிக்கொண்டபோது தலை கிர்ரென்று சுற்றியது. கால் படியின் விளிம்பில் வழுக்கியது.

மாமி என் கையைப் பிடித்தாள். எட்டிப் பாய்ந்து, முழங்கைக்கு மேலே, அழுத்தமாகப் பிடித்தாள். "பார்த்துடீ, பார்த்து!" என் முந்தானை இலையின் மேல் விழுந்து சாதத்தில் புரண்டது. மாமி இலையை நகர்த்தவில்லை. என்னை ஒரு படி மேலே இழுத்து நேராக நிறுத்தினாள்.

"மாமி, மடி" என்றேன்.

மாமி தன் கையைப் பார்த்தாள். சற்று முன்னால் பஞ்சு முகத்தில் பார்த்ததை அந்த முகத்தில் மறுபடி பார்த்தேன். மாமி அலறவில்லை, திட்டவில்லை, திரும்பிக் குழாயடிக்கு ஓடவில்லை.

"உங்களுக்கும் தெரியுமா?"

மாமி தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அன்னிக்குப் பஞ்சு ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரே எங்காத்துக்குத்தான் வந்தான். கையெழுத்துப் போட்டுட்டேன் மாமின்னு சொல்லிக் குழந்தையாட்டமா அழுதான். நடுக்கூடத்துல. அக்கம்பக்கத்துக்காரா எல்லாம் வந்துட்டா. யாரும் அவகிட்ட சொல்லிடாதேங்கோன்னு காலைப் பிடிக்காத குறை." என் தோளைத் தடவிக்கொடுத்தாள். "நீ மாசாமாசம் பால்கனியில உக்காந்தியே, இந்தக் கட்டடத்துல ஒருத்தி சிரிச்சதில்லைடீ அகிலா. ஒருத்தி!"

ஒருத்தியும் சிரிக்கவில்லை. அப்படியென்றால் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லாருக்கும் தெரியும். என் பின் பால்கனிக்கு எதிரே எத்தனை பால்கனி! துணி உலர்த்த வந்தவர்கள், வடாம் பிழிய வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்ததும் மரியாதையாகத் தள்ளி நின்றார்களே. தாங்கள் தள்ளி நிற்பது பொய்க்கு என்று தெரிந்தே நின்றிருக்கிறார்கள். நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் வீடு வீடாக நெய் ஒழுகும் பட்சணம் எனக்கு மட்டும் கூடுதலாக வந்ததற்கும் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. ஊரே சேர்ந்து என்னைப் பார்த்துப் பாவப்பட்டது. என் உசிர் போய்க்கொண்டிருப்பதை ஒருத்தரும் பார்க்கவில்லை.

"சாதத்துல என் புடவை பட்டுடுத்து. திரும்பச் சமைக்கணுமே மாமி" என்றேன்.

மாமி என் கண்ணைப் பார்க்காமல் இலையை நேராகப் பிடித்துக்கொண்டாள். "கைப்பிடியைப் பிடிச்சுண்டு மெள்ள இறங்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அதே சாதத்தோடு மேலே ஏறினாள்.

நான் நகர முடியாமல் நின்றேன். மொட்டைமாடிக் கதவு கிரீச்சிட்டது. "கா... கா..." என்று மாமி கூப்பிடும் குரல் கேட்டது. தீட்டுப் பட்ட சாதத்தைக் காக்காய் தொடாது, மணிக்கணக்கில் காக்க வைக்கும் என்பார்கள். வரக் கூடாது, ஒரு காக்காயாவது என்னை நம்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மாமி இரண்டாம் தடவை கூப்பிடவே இல்லை. சிறகடிக்கிற சத்தம் கேட்டது, அப்புறம் கதவைச் சாத்துகிற சத்தம். காக்காய்க்குக்கூடத் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி மீதிப் படிகளையும் இறங்கி நடக்க ஆரம்பித்தேன்.